கைப்பிடி ஏன் நடுங்குகிறது? மலைச்சாலை கற்பித்த பாடம்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருளன்று. தோட்டத்திலிருந்து ரிங்லெட்டுக்கோ தானா ராத்தாவுக்கோ செல்லும் சாலைகள் குறுகலானவை; வளைவுகள் மிகுந்தவை. வேலைக்கும் கடைக்கும் மருந்தகத்திற்கும் 'கப்சாய்' இல்லாமல் எங்கள் வீடுகளில் ஒரு நாளும் நகராது.

சில ஆண்டுகளுக்கு முன்பு என் பெரியம்மா மகன் அவ்வாறு வேலைக்குச் சென்று திரும்பும்போது விழுந்தார். காய்கறிப் பண்ணையிலிருந்து முட்டைக்கோஸ் கூடைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இறக்கத்தில் வந்திருக்கிறார். சாலையிலிருந்த ஒரு சிறு மேட்டில் முன்சக்கரம் ஏறி இறங்கியதும் கைப்பிடி இடமும் வலமுமாக வெட்டத் தொடங்கியது. அடுத்த நொடி அவர் தேயிலைச் செடிகளுக்கிடையே கிடந்தார். காறை எலும்பு முறிந்து இரண்டு மாதங்கள் வேலைக்குப் போக முடியவில்லை. பார்க்க வந்தவர்கள் அனைவரும், "இளவட்டம், ரேஸ் ஓட்டியிருப்பான்" என்றே கூறிச் சென்றனர்.

நான் விடுமுறைக்கு வீடு சென்றபோது அண்ணன் கேட்டார்: "தம்பி, நீதான் இஞ்சினியரிங் படிக்கிறியே. நான் அம்பதுக்கு மேல போகலடா. அப்புறம் ஏன் அப்படி ஆடுச்சு?"

என்னால் பதில் கூற முடியவில்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் பயின்று, பின்னர் தேசியப் பள்ளிக்குச் சென்றவன் நான். அறிவியலை மலாயிலும் ஆங்கிலத்திலும் படித்தேன். அண்ணனுக்குப் புரியும்படி தமிழில் விளக்க அன்று என்னிடம் சொற்கள் இல்லை. அன்று சொல்லாமல் விட்ட பதிலே இக்கட்டுரை.

சக்கரத்தை நேராக்குவது எது?

பேரங்காடியில் தள்ளுவண்டியைத் தள்ளியிருப்பீர்கள். அதன் முன்சக்கரம், தான் திரும்பும் அச்சுக்குச் சற்றுப் பின்னால் அமைந்திருக்கும். நாம் தள்ளத் தள்ள அது தானாகவே பின்னால் வந்து நேராகிவிடும். மோட்டார் சைக்கிளின் முன்சக்கரமும் அப்படியே. கைப்பிடி திரும்பும் அச்சை ஒரு கோடாகத் தரைவரை நீட்டினால், சக்கரம் தரையைத் தொடும் இடத்திற்குச் சற்று முன்னால் அக்கோடு தரையைத் தொடும். இவ்விரு புள்ளிகளுக்கும் இடைப்பட்ட தூரத்தைப் 'பின்தொடர் தூரம்' எனலாம். சக்கரம் ஒரு பக்கம் விலகினால் அதை இழுத்து நேராக்கும் விசைக்கு இத்தூரம் முக்கியக் காரணமாகும்.

நேராக்கும் விசையே நடுக்கமாவது எப்படி?

அதே தள்ளுவண்டியை வேகமாகத் தள்ளினால் சக்கரம் 'படபட'வென்று ஆடுவதையும் பார்த்திருப்பீர்கள். நேராக வந்த சக்கரம் அங்கேயே நிற்பதில்லை; மறுபக்கம் கடந்து செல்கிறது. மீண்டும் இழுக்கப்படுகிறது, மீண்டும் கடக்கிறது. உராய்வும் தணிப்பும் போதுமான அளவு இருந்தால் ஆட்டம் அடங்கிவிடும். இல்லையென்றால் வளரும்.

இங்கிலாந்தைச் சேர்ந்த ஆய்வாளர் ராபின் ஷார்ப் 1971-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் மோட்டார் சைக்கிளின் இயக்கங்களைக் கணக்கிட்டு வகைப்படுத்தினார். அவற்றுள் ஒன்று, வண்டி முழுவதும் பாம்புபோல் நெளிவது. நொடிக்கு ஏறத்தாழ 2 முதல் 4 முறை நிகழும். மற்றொன்று முன்சக்கரமும் கைப்பிடியும் மட்டும் நடுங்குவது. ஆங்கிலத்தில் 'வாபல்' என்பர். இது நொடிக்கு ஏறத்தாழ 6 முதல் 10 முறை நிகழும். அண்ணனுக்கு நேர்ந்தது இதுதான்.

ஐம்பதில் ஏன்?

கப்சாயின் 17 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு, டயரையும் சேர்த்து, சுமார் 1.8 மீட்டர். மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 13.9 மீட்டர். வகுத்துப் பார்த்தால் சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 7.7 முறை சுழல்கிறது. நடுக்கத்தின் எண்ணிக்கையும் அதே அளவுதான்! டயர் ஒரு பக்கம் தேய்ந்திருந்தாலோ சக்கரத்தின் எடை சமமாக இல்லாவிட்டாலோ, ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதுபோல் ஒவ்வொரு சுழற்சியும் நடுக்கத்தைத் தள்ளிவிடும். ஆகவே, நடுக்கம் வந்தாலே ஓட்டியவர் ரேஸ் ஓட்டினார் என்று முடிவு கட்டுவது தவறாகும்.

குட்டை வண்டியின் குணம்

இரு சக்கரங்களின் அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரம் குறைவாக இருந்தால் வண்டி வளைவுகளில் சட்டென்று திரும்பும். 1998-ஆம் ஆண்டு வெளிவந்த யமாஹா ஆர்1 பந்தயவகை வண்டிக்கு இத்தூரம் 1395 மில்லிமீட்டர். 2015-இல் மலேசியச் சந்தைக்கு வந்த ஒய்15இசட்ஆர் கப்சாய்க்கு 1290 மில்லிமீட்டர்தான். இச்சுறுசுறுப்புக்கு ஒரு விலை உண்டு. பின்னச்சுக்கு 25 செண்டிமீட்டர் பின்னால் 40 கிலோ சுமையைக் கட்டினால், இவ்வளவு குட்டையான வண்டியின் முன்சக்கரத்திலிருந்து ஏறத்தாழ 8 கிலோ எடை குறைந்துவிடும். முன்சக்கரம் லேசானால் சாலையில் அதன் பிடிப்பும் குறையும்.

அழகுக்காக முன்பக்கத்தைத் தாழ்த்துவோரும் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். சக்கரத்தின் ஆரம் 290 மில்லிமீட்டர், கைப்பிடி அச்சின் சாய்வு 26 பாகை, அச்சுக்கும் சக்கர மையத்துக்கும் உள்ள விலகல் 50 மில்லிமீட்டர் என்று கொள்வோம். பின்தொடர் தூரம் சுமார் 86 மில்லிமீட்டர். முன்பக்கத்தைத் தாழ்த்திச் சாய்வு 24 பாகையானால் அது 74 ஆகக் குறைந்துவிடும். இறக்கத்தில் முன்பிரேக்கை அழுத்தும்போது இன்னும் குறையும்.

பெரிய நிறுவனங்களும் இப்பாடத்தைக் கற்றுள்ளன. 1997-இல் வெளிவந்த சுசுகி டிஎல்1000எஸ் வண்டிகளை அந்நிறுவனமே திரும்ப அழைத்து, கைப்பிடி ஆட்டத்தை அடக்கும் தணிப்பானைப் பொருத்தித் தந்தது.

நடுக்கம் வந்தால்?

நொடிக்கு 7 முறை ஆடும் கைப்பிடி ஓர் ஆட்டத்தை முடிக்க 0.14 நொடி போதும். கண்டதற்குக் கை எதிர்வினையாற்ற ஏறத்தாழ 0.2 நொடியாவது வேண்டும். எனவே எதிர்த்துத் தள்ளும் ஒவ்வொரு தள்ளும் தாமதமாகப் போய்ச் சேரும். ஆட்டத்தைக் கூட்டவும் செய்யலாம். கைப்பிடியை விடக்கூடாது, ஆனால் தோளையும் முழங்கையையும் இறுக்கி அதனோடு மல்லுக்கட்டவும் கூடாது. உடலை முன்னுக்குச் சாய்த்து, முறுக்கை மெதுவாகக் குறைக்க வேண்டும். முன்பிரேக்கைத் திடீரென அழுத்துவது ஆபத்து.

வருமுன் காப்பது இன்னும் நன்று. வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்தி, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்துங்கள். முன்கவையின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். 'டக்' என்று ஓர் அசைவு தெரிந்தால் கைப்பிடித் தண்டின் பேரிங் தளர்ந்துள்ளது என்று பொருள்.

அடுத்த விடுமுறையில் அண்ணனின் பழைய வண்டியை அப்படித்தான் உயர்த்தினோம். அவரே ஆட்டிப் பார்த்தார். 'டக்' என்றது. மீண்டும் ஆட்டினார். மீண்டும் 'டக்'. முன் டயரைத் தடவிப் பார்த்தோம். ஒரு பக்கம் வழுக்கையாக இருந்தது. இடைத்தூரம், சுமை, சுழற்சி என்று ஒவ்வொன்றாக நான் தமிழில் கூறக் கூற அவர் தலையசைத்துக் கேட்டார். இறுதியில், "இத அம்மாகிட்டயும் ஒரு தடவ சொல்லிடு தம்பி" என்றார்.

பெரியம்மாவிடம் சொன்னேன். அன்பர்களே, நாம் பல்கலைக்கழகத்தில் கற்பவற்றை நம் வீட்டாருக்குப் புரியும் மொழியில் ஒருமுறையேனும் எடுத்துச் சொல்வோம். வேண்டாத பழி ஒன்று அதனால் நீங்கக்கூடும். அடுத்த விபத்து ஒன்று நிகழாமலும் போகக்கூடும். இன்று வீடு திரும்பியதும் உங்கள் வண்டியின் முன்சக்கரத்தையும் ஒருமுறை உயர்த்திப் பாருங்கள்.