நடையும் மிதிவண்டியும்

சென்னையின் தென்புறத்தே, குரோம்பேட்டைக்குக் கிழக்கில் அமைந்துள்ளது அஸ்தினாபுரம். பாரதக் கதையின் தலைநகர்ப் பெயரைத் தாங்கிய இவ்வூரில் கோட்டையும் இல்லை, தேரோடும் வீதியும் இல்லை. வீடுகளும் கடைகளும் பள்ளிகளும் நெருங்கிய புறநகர்ப் பகுதி இது. 1931ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. அதன்பின் அவ்விருப்புப்பாதையின் இருமருங்கிலும் இருந்த சிற்றூர்கள் சிறிது சிறிதாக நகரத்தோடு ஒன்றின. அவ்வாறு வளர்ந்த பகுதிகளுள் அஸ்தினாபுரமும் ஒன்று.

பொழுது புலர்ந்ததும் இங்குள்ளோர் பலர் குரோம்பேட்டை இரயில் நிலையத்தை நோக்கிப் புறப்படுகின்றனர். தொலைவு இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். கார் வைத்திருப்போர் காரிலும், மோட்டார் சைக்கிள் உடையோர் அதிலும் செல்வர். ஆயினும் வீட்டு வேலைக்குச் செல்லும் மகளிர், கடைச் சிப்பந்திகள், கட்டடத் தொழிலாளர், புத்தகப் பை சுமந்த சிறுவர் சிறுமியர் ஆகியோருக்குத் தம் கால்களே வண்டி. இவர்கள் எரிபொருளைச் செலவிடுவதில்லை, புகையைப் பரப்புவதில்லை, சாலையில் இவர்கள் அடைக்கும் இடமோ மிகச் சிறிது. இருந்தும், புறநகர்ச் சாலைகளில் இவர்களுக்குக் கிடைப்பது யாது? சாலையின் நடுப்பகுதி ஓடும் வண்டிகளுக்கு; ஓரப்பகுதி நிற்கும் வண்டிகளுக்கு. கடைப் பலகைகளுக்கும் மின்கம்பங்களுக்கும் போக எஞ்சியது எதுவோ அதுவே நடப்பவர் பங்கு. பலவிடங்களில் மழைநீர்க் கால்வாயை மூடிய பலகையே நடைபாதையாகின்றது. ஒரு பலகை பெயர்ந்திருந்தால் நடப்பவர் வண்டிகளுக்கு நடுவே இறங்கியே தீர வேண்டும்.

நடத்தல் உடலுக்கு நன்மை பயக்கும் என்பது யாவரும் அறிந்ததே. ஐந்து முதல் பதினேழு வயது வரை உள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமேனும் உடலை நன்கு இயக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. பள்ளிக்கு நடந்தோ மிதிவண்டியிலோ சென்று திரும்பும் மாணவர்க்கு அதில் ஒரு பெரும் பகுதி தானே கிட்டிவிடும். ஆனால் அஞ்சி அஞ்சி நடக்கும் நடையால் நலம் விளைவது எங்ஙனம்?

இனி, மிதிவண்டியைக் கருதுவோம். நடப்பதற்கு ஆகும் அதே உழைப்பைக் கொண்டு மனிதனை மூன்று நான்கு மடங்கு தொலைவு கொண்டு செல்லும் எளிய பொறி இது. ஏழை மக்கள் வாழ்வில் இஃது எத்தகைய மாறுதலை உண்டாக்க வல்லது என்பதைப் புதுக்கோட்டை மாவட்டம் காட்டியது. அங்கு 1991ஆம் ஆண்டில் எழுத்தறிவு பரப்புவதற்காக அறிவொளி இயக்கம் தொடங்கப்பட்டது. அப்போது மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்னும் அம்மையார். சிற்றூர்ப் பெண்கள் பாடம் கற்பிக்கவும் கற்கவும் ஊர்விட்டு ஊர் செல்ல வேண்டியிருந்தது. பேருந்தோ எப்போதாவதுதான் வரும். ஆதலின் எழுத்தோடு மிதிவண்டி ஓட்டுதலையும் கற்பிக்க அவர் ஏற்பாடு செய்தார். வண்டி வாங்கக் கடன் வசதியும் செய்யப்பட்டது.

தொடக்கத்தில் ஏளனப் பேச்சுக்குக் குறைவில்லை. பெண்கள் அதனைப் பொருட்படுத்தவில்லை. வயல் வேலை செய்வோர், கல்லுடைப்போர், செவிலியர், பாலர் பள்ளி ஆசிரியைகள் என ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மகளிர் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். பெண்களுக்கான வண்டிகள் கடைகளில் கிடைக்காமற் போயின. உடனே ஆண்களுக்கான வண்டிகளையே வாங்கி ஓட்டினர். முன்னால் உள்ள குறுக்குக் கம்பியில் குழந்தையை அமர்த்திக்கொள்ளலாம் என்பதால் அதனையே விரும்பியோரும் உண்டு! தண்ணீர்க் குடமும் விளைபொருளும் அவ்வண்டிகளில் ஏறின. பேருந்துக்கும், தந்தை அல்லது தமையனின் துணைக்கும் காத்திருந்த நேரம் அவர்களுக்கே சொந்தமாயிற்று.

பின்னர்த் தமிழக அரசு பள்ளி மாணவியர்க்கு விலையின்றி மிதிவண்டி வழங்கலாயிற்று. 2001ஆம் ஆண்டில் ஆதிதிராவிடர், பழங்குடி வகுப்பைச் சேர்ந்த மேல்நிலை வகுப்பு மாணவியர்க்கெனத் தொடங்கிய இத்திட்டம், 2005ஆம் ஆண்டில் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி மாணவ மாணவியர் அனைவர்க்கும் விரிந்தது. வண்டி கிடைத்துவிட்டது. ஆயினும் சிற்றூர்ச் சாலை வேறு, புறநகர்ச் சாலை வேறு. லாரியும் பேருந்தும் உரசிச் செல்லும் சாலையில் மகளை அனுப்பத் தயங்கும் பெற்றோரைக் குறை கூற இயலாது.

மிதிவண்டிக்குப் பெயர்பெற்ற நெதர்லாந்து நாட்டிலும் ஒரு காலத்தில் இந்நிலையே இருந்தது. கார்கள் பெருகப் பெருக அங்குச் சாலைகள் அகன்றன, விபத்துகளும் பெருகின. 1971ஆம் ஆண்டில் மட்டும் 400க்கும் மேற்பட்ட சிறுவர் சாலையில் மாண்டனர். பெற்றோர் வீதிக்கு வந்து கிளர்ச்சி செய்தனர். அதன் பயனாகவே மிதிவண்டிக்கெனத் தனிப் பாதைகள் நாடெங்கும் பரவின. அந்நாட்டார் பிறவியிலேயே மிதிவண்டிப் பற்றுடையோர் என்று எண்ணுவது பிழை.

சென்னை மாநகராட்சி 2014ஆம் ஆண்டில் நடப்போர்க்கும் மிதிவண்டியில் செல்வோர்க்கும் முதன்மை தரும் கொள்கை ஒன்றை ஏற்றது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் நூற்றுக்கு 60 பங்கையேனும் இவர்களுக்கான வசதிகளுக்குச் செலவிட வேண்டும் என்பது அதன் சிறந்த கூறு. 2019ஆம் ஆண்டில் தியாகராய நகரின் பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதைகள் திறக்கப்பட்டன. ஆனால் அக்கொள்கை சென்னை மாநகராட்சியின் எல்லைக்கே உரியது. அஸ்தினாபுரமோ அவ்வெல்லைக்கு வெளியே, 2021ஆம் ஆண்டில் அமைந்த தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்தது. சந்தைத் தெருவுக்கு வரும் அழகு, வேலைக்கு நடப்போர் வாழும் தெருவை எட்டுவதற்குக் காலம் பிடிக்கின்றது.

எனினும் உரிமை எல்லார்க்கும் ஒன்றே. இடையூறற்ற நடைபாதை, வாழ்வுரிமை கூறும் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் உரைத்தது. நடைபாதை எவ்வளவு அகலம் இருத்தல் வேண்டும் என்பதனையும் இந்தியச் சாலைக் கழகத்தின் விதிகள் வரையறுத்துள்ளன. குடியிருப்புத் தெருவில் குறைந்தது 1.8 மீட்டர் தடையின்றி இருத்தல் வேண்டும். அதன் விளிம்பு 15 சென்டிமீட்டருக்கு மேல் உயர்தலும் ஆகாது. ஊசி முனையளவு நிலமும் தர மறுத்தது பழைய அஸ்தினாபுரத்து அவை. இன்றைய அஸ்தினாபுரத்தில் நடப்போர் கேட்பது ஏறத்தாழ ஆறடி. சக்கர நாற்காலிகள் இரண்டு எதிரெதிரே வந்தாலும் ஒன்றையொன்று கடந்து செல்வதற்கு அந்த ஆறடி போதும்.