செருப்புக்குள் காற்று

கேள்வி: தேய்ந்துபோன ரப்பர் செருப்பை வெட்டிப் பார்த்தேன். உள்ளே குட்டிக் குட்டித் துளைகள். ஊசியால் குத்துவார்களா?

பதில்: ஊசியா! போண்டா மாவில் ஆப்பசோடா போடுகிற கதைதான். அசோடைகார்பனமைடு என்ற மஞ்சள் தூளை ரப்பரோடு பிசைந்து, அச்சில் அழுத்திச் சூடாக்குவார்கள். தனியாக அது சிதைய சுமார் 200 டிகிரி வேண்டும். துத்தநாக ஆக்சைடு கொஞ்சம் சேர்த்தால் அதைவிடக் குறைந்த சூடே போதும். ஒரு கிராம் தூள் 200 மில்லிக்கு மேல் வாயு கக்கும், பெரும்பகுதி நைட்ரஜன். அச்சைத் திறந்ததும் தகடு குபுக்கென்று உப்பும்.

சாமர்த்தியமெல்லாம் நேரக்கணக்கில்தான். ரப்பர் இறுகத் தொடங்குவதற்கு முன்பே வாயு வந்தால் தப்பி ஓடிவிடும். முழுக்க இறுகிவிட்டால் உப்பவே உப்பாது. துளைகள் ஒன்றோடொன்று சேராத மூடிய அறைகள் என்பதால் தண்ணீர் உள்ளே போகாது. ஆற்றோடு போன என் ஒற்றைச் செருப்பு கடைசிவரை முழுகவேயில்லை.