பழைய காரின் பெட்ரோல் ஹோஸ்: எதை வாங்கலாம், எதை விடலாம்?

கார்புரேட்டர் வைத்த மாருதி 800, அம்பாசிடர், பத்மினியை இன்றும் ஓட்டுபவர்கள் ஆயில் மாற்ற மறப்பதில்லை. டேங்கிலிருந்து இன்ஜின் வரை போகும் ரப்பர் ஹோஸைத்தான் கசியும்வரை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. 2023-இல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பங்குகளுக்கு வரத் தொடங்கியது. எத்தனாலை மனதில் வைத்துச் செய்யாத பழைய ரப்பர் அதில் ஊறினால் உப்பி இளகும். வண்டி பல நாள் நின்றால் ரப்பர் காய்ந்து வெடிப்பு விடும். ஹோஸைத் தேர்ந்தெடுப்பதில் இனி அசட்டை கூடாது.

கடைக்காரர் முதலில் எடுத்துப் போடுவது ஒளி ஊடுருவும் மலிவான பிளாஸ்டிக் டியூப். பைக்கில் பார்த்திருப்பீர்கள். காரின் இன்ஜின் சூட்டில் அது இறுகி, கிளிப்பிலிருந்து நழுவும், வேண்டவே வேண்டாம். ரப்பர் ஹோஸ் வாங்கும்போது அதன் மேல் அச்சிட்ட எழுத்தைப் படியுங்கள். 'எஸ்ஏஇ 30ஆர்7' என்றால் கார்புரேட்டர் வண்டிக்கானது. அதில் அழுத்தம் ஒரு பாருக்கும் குறைவு. '30ஆர்9' இன்ஜெக்‌ஷன் வண்டிக்கானது. அங்கே அழுத்தம் சுமார் 3 பார். அதன் உட்பூச்சு எத்தனாலையும் நன்றாகத் தாங்கும். விலை கூடுதல்தான். ஆனாலும் கார்புரேட்டர் வண்டிக்கும் ஆர்9 போடுவதே என் தேர்வு. இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு ஆர்7 போடுவதோ உயிரோடு விளையாடுவது. எழுத்தே இல்லாத ஹோஸை எந்த வண்டிக்கும் வாங்காதீர்கள். உள்விட்டத்தைப் பழைய பைப்போடு ஒப்பிட்டு வாங்குங்கள். தளர்வான ஹோஸைக் கிளிப்பால் இறுக்கிச் சரிக்கட்ட முடியாது.

கிளிப்பில் வெட்டுத் துளை உள்ள பட்டை ரப்பரை அறுக்கும். விளிம்பு மழுங்கிய, துளையில்லாத பட்டை நல்லது. அடியில் ஓடும் இரும்பு பைப் துருப்பிடித்தால் செம்பு பைப் போடலாம் என்பார்கள். வளைக்கச் சுலபம், உண்மைதான். ஆனால் வண்டியின் அதிர்வில் செம்பு இறுகிக் கீறல் விடும். மீண்டும் இரும்பு பைப்பே போடச் சொல்லுங்கள்.

ஃபில்டரில், கார்புரேட்டர் வண்டிக்கு ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் போதும். துருத் தூள் சேர்வது கண்ணுக்குத் தெரியும். பழைய டேங்கின் கசடை எத்தனால் கரைத்து இழுத்து வருவதால் முதல் சில மாதங்களில் அது சீக்கிரம் அடைக்கும். சூடேறும் மேனிஃபோல்டுக்கு அருகில் வைக்காதீர்கள். பெட்ரோல் ஓடும் திசையைக் காட்டும் அம்புக்குறியைப் பாருங்கள். திருகிப் பிரிக்கும் கண்ணாடி ஃபில்டர் அழகுதான், ஆனால் அதன் வாஷர்கள் அதிர்வில் தளர்ந்து கசியும். இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு அழுத்தம் தாங்கும், அந்த மாடலுக்கான உலோக ஃபில்டர் மட்டுமே.

வேலையை இன்ஜின் ஆறிய பிறகு, திறந்த வெளியில் செய்யுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. பள்ளத்திலும் மூடிய ஷெட்டிலும் தரையோடு தேங்கி, தொலைவில் உள்ள பொறியையும் பிடித்துக்கொள்ளும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் முன்கூட்டியே ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸை எடுத்துவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்க வேண்டும். பிறகு பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள். பவுடர் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். முடிந்ததும் இன்ஜினை ஓடவிட்டு ஒவ்வொரு இணைப்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

காருக்குள் பெட்ரோல் வாடை வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி இறங்குங்கள். கசிவைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும்வரை சாவியைத் திருப்பாதீர்கள்.