ஐப்பசி மழைக்கு முன்பே எலியின் வழியை அடைத்துவிடுங்கள்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கியதும் வயல் வரப்பு, சாக்கடை, காலி மனை எல்லாவற்றிலும் உள்ள வளைகளில் தண்ணீர் ஏறிவிடும். அங்கிருந்த எலிகள் உலர்ந்த இடம் தேடி வீட்டுக்கும் கடைக்கும் வரும். எலியின் சினைக்காலம் வெறும் மூன்று வாரம். உள்ளே வந்து குட்டி போட்டுவிட்டால் விரட்டுவது பெரும்பாடு. புரட்டாசியிலேயே இந்த வேலைகளை முடித்துவிடுங்கள்.

1. எந்த வழியாக வருகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். சந்தேகப்படும் ஓட்டைகளில் இரவு செய்தித்தாளைக் கசக்கி லேசாகச் செருகி, சுவரோரமாகக் கோலமாவு தூவி வையுங்கள். காலையில் தாள் தள்ளப்பட்டிருந்தாலோ மாவில் கால்தடம் தெரிந்தாலோ வழி அதுதான். பென்சில் நுழையும் இடைவெளி இருந்தாலே சுண்டெலி வந்துவிடும்.

2. ஏசி குழாய், தண்ணீர்க் குழாய், கேபிள் ஒயர் நுழையும் இடங்களைப் பலர் கவனிப்பதே இல்லை. துணி, தெர்மாகோல் அடைப்பது வீண். பாத்திரம் தேய்க்கும் எவர்சில்வர் நாரைத் திணித்து, அதன்மேல் சிமெண்ட் பூசுங்கள். சாதாரண இரும்பு நார் மழை ஈரத்தில் துருப்பிடித்து உதிர்ந்துவிடும். பெருச்சாளி வளை என்றால் ஜல்லியோடு உடைந்த கண்ணாடித் துண்டுகளையும் சிமெண்டில் கலந்து அடைக்க வேண்டும்.

3. வாசல் கதவின் அடிப்பக்கம் தரையோடு ஒட்டும்படி தகரப் பட்டை அடித்துவிடுங்கள். கடை ஷட்டருக்கு அடியை மட்டும் பார்த்தால் போதாது. இரு பக்க மூலைகளிலும் இடைவெளி இருக்கும்.

4. குளியலறைத் தண்ணீர் போகும் துளைக்கு இரும்பு ஜல்லடை, எக்ஸாஸ்ட் ஃபேனுக்குக் கம்பி வலை. நைலான் கொசுவலையை எலி கடித்துவிடும்.

5. மொட்டை மாடியைத் தொடும் கிளைகளை வெட்டுங்கள். வீட்டை ஒட்டிய தென்னையில் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு முழ அகலத் தகரம் சுற்றினால் எலி வழுக்கி விழும்.

6. மளிகைக் கடைக்காரர்கள் மூட்டைகளைச் சுவரோடு சேர்த்து அடுக்காதீர்கள். கட்டைமேல் ஏற்றி, சுவருக்கும் மூட்டைக்கும் ஒன்றரை அடி விடுங்கள். டார்ச் அடித்துப் பார்க்கவும் பெருக்கவும் அந்த இடம் வேண்டும். ஹோட்டல்களில் கிரைண்டர் அடியில் சிந்தும் மாவும், இரவெல்லாம் மூடாமல் கிடக்கும் குப்பைத் தொட்டியுமே எலிக்கு விருந்து.

7. புதிதாக வைத்த எதையும் பெரிய எலி சில நாள் நெருங்காது. அதனால் பொறியை மூன்று நான்கு நாள் விசை ஏற்றாமல் வடையோ கருவாடோ மட்டும் வைத்துப் பழக்குங்கள். பிறகு விசை ஏற்றுங்கள். எலி சுவரை ஒட்டித்தான் ஓடும். பொறியும் அங்கேதான் இருக்க வேண்டும். மூஞ்சூறு சிக்கினால் வெளியே விட்டுவிடுங்கள். அது கரப்பான்களைத் தின்னும், எலி இனமும் அல்ல.

8. விஷம் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து, குழந்தைகள் உள்ள வீட்டில் கண்டிப்பாக வேண்டாம். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசை உள்ளே போனால் கல்லீரலைச் சிதைக்கும். அதற்கு முறிவு மருந்தே கிடையாது. பாஸ்பைடு மாத்திரையும் பொடியும் ஈரம் பட்டதும் நச்சுவாயுவாக மாறும். மூடிய அறையில், ஏசி ஓடும் படுக்கையறையில், அது உயிரையே எடுத்துவிடும். பூச்சி மருந்து அடிப்பவர் வந்தால் எதை, எங்கே வைக்கிறார் என்று கேட்காமல் விடாதீர்கள்.

9. எலிப் புழுக்கையை உலர்ந்தபடியே பெருக்காதீர்கள். தூசி மூச்சில் ஏறும். கையுறை, முகக்கவசம் போட்டு, பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரைத் தெளித்து, பத்து நிமிடம் ஊறிய பிறகு துடைத்தெடுங்கள். எலியின் சிறுநீர் கலந்த மழைநீர் காலில் உள்ள புண் வழியாக எலிக்காய்ச்சலைக் கொடுக்கும். தேங்கிய நீரில் நடந்த சில நாளிலோ வாரங்களிலோ காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், தண்ணீரில் நடந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.