குளிர்கடலில் மூழ்கும் பெண்கள்

மார்கழி மாதம். விடியற்காலை நேரம். குளத்து நீரில் இறங்குகிறோம். அப்போது என்ன ஆகிறது? உடல் சிலிர்க்கிறது. மூச்சு ஒரு கணம் திணறுகிறது. பல் கிடுகிடுக்கிறது. இரண்டு முழுக்குப் போட்டுவிட்டுக் கரையேறி விடுகிறோம்.

இதைவிடப் பல மடங்கு குளிர்ந்த கடலில் வேலை செய்யும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஆழத்தில் மூழ்குகிறார்கள். சங்கும் சிப்பியும் எடுத்து வருகிறார்கள். அதை விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறார்கள். அவர்களைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

காற்றும் கல்லும் நிறைந்த தீவு

தென் கொரியா நாட்டில் ஜெஜு என்ற தீவு உள்ளது. அந்த நாட்டின் மிகப் பெரிய தீவு இதுதான். தீவின் நடுவில் ஹல்லா மலை இருக்கிறது. இதன் உயரம் சுமார் 1,950 மீட்டர். இது ஓர் எரிமலை. குளிர்காலத்தில் மலை முழுவதும் பனி மூடிக் கிடக்கும்.

எரிமலைக் குழம்பு இறுகி உண்டான தீவு இது. எங்கு பார்த்தாலும் கறுப்புக் கல். மண்ணில் தண்ணீர் தங்காது. அதனால் நெல் விளைவது அரிது. தினை போன்ற சிறு தானியம், வாற்கோதுமை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஆகியவைதான் பழைய நாளில் சாப்பாடு. இன்று ஆரஞ்சுத் தோட்டங்கள் அதிகம். குளிர்காலம் தொடங்கும்போது ஆரஞ்சு பறிப்பு நடக்கும்.

கடல் காற்று ஓயாமல் வீசும். அதனால் வயலைச் சுற்றிக் கல்சுவர் கட்டுகிறார்கள். பழைய கூரை வீடுகளைப் பாருங்கள். கூரைமேல் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டியிருப்பார்கள். காற்று கூரையைத் தூக்கிப் போகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

நிலம் கொடுக்காததைக் கடல் கொடுத்தது. கடலில் மூழ்கிச் சம்பாதித்தவர்கள் பெண்கள். அவர்களை 'ஹேன்யோ' என்று அழைக்கிறார்கள். 'கடல் பெண்' என்பது இதன் பொருள்.

மூச்சே முதலீடு

ஹேன்யோ பெண்கள் காற்றுக் குழாய் எதையும் பயன்படுத்துவதில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு மூழ்குகிறார்கள். சுமார் 10 மீட்டர் ஆழம் போகிறார்கள். ஏறக்குறைய ஒரு நிமிடம் நீருக்குள் இருக்கிறார்கள். மேலே வந்ததும் சீழ்க்கை அடிப்பது போல் மூச்சை விடுகிறார்கள். அந்த ஒலி கரை வரை கேட்கும்.

அவர்களிடம் உள்ள கருவிகள் சில. நீரில் மிதக்க ஒரு மிதவை. பிடித்ததைப் போட ஒரு வலைப்பை. பாறையில் ஒட்டிய சிப்பியைப் பெயர்க்க ஓர் இரும்புத் தகடு. அந்த மிதவை முன்பு எதனால் ஆனது தெரியுமா? சுரைக்குடுக்கையால் ஆனது! நம் ஊரிலும் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு நீச்சல் பழகியவர்கள் உண்டு அல்லவா?

சங்குகள் முட்டையிடும் கோடை மாதங்களில் அவற்றைப் பிடிக்கக் கூடாது. அது அங்கே விதி. அதனால் குளிர்காலத்தில்தான் சங்கு வேலை மும்முரமாக நடக்கும்.

குளிர் என்ன செய்யும்?

நம் ஊர்க் கடல்நீரின் வெப்பம் பெரும்பாலும் 27, 28 டிகிரி இருக்கும். ஜெஜு கடலில் குளிர்காலத்தில் அது 14 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். குளிர்ந்த காற்றைவிடக் குளிர்ந்த நீர் ஆபத்தானது. காற்றைவிட நீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை இழுத்துவிடும். முதலில் மூச்சுத் திணறும். பிறகு கைவிரல் மரத்துப்போகும். அதன் பிறகு புத்தி தடுமாறும்.

1970-ஆம் ஆண்டு வரை இந்தப் பெண்கள் வெறும் பருத்தி உடைதான் அணிந்தார்கள். குளிர்காலத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் நீரில் இருக்க முடியாது. கரையேறுவார்கள். தீக்காய்வார்கள். மறுபடியும் இறங்குவார்கள். கர்ப்பிணிப் பெண்களும் மூழ்கினார்கள்.

1960-களில் அறிவியலாளர்கள் இவர்களை ஆராய்ந்தார்கள். குளிர்காலத்தில் இவர்கள் உடல் மற்றப் பெண்களின் உடலைவிட அதிகச் சூட்டை உண்டாக்கியது. பல ஆண்டுப் பழக்கத்தால் வந்த சக்தி அது. 1970-களில் ரப்பர் உடை வந்தது. சில ஆண்டுகளில் அந்தச் சக்தி மறைந்துவிட்டது. உடல் பழக்கத்தால் கற்கிறது. பழக்கம் விட்டால் மறக்கிறது.

தீயைச் சுற்றி ஒரு வட்டம்

கடற்கரையில் கல்லால் வட்டமாகச் சுவர் கட்டியிருப்பார்கள். நடுவில் தீ எரியும். இதற்குப் 'புல்தோக்' என்று பெயர். ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து விறகு கொண்டு வருவார்கள். அனுபவம் மிக்க மூத்த பெண்களுக்குப் புகை வராத நல்ல இடம். இளையவர்கள் அடுத்த இடங்களில் உட்காருவார்கள். கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பதும் அங்கேதான்.

கடல் எப்படி இருக்கிறது, எந்தப் பாறையில் எது கிடைக்கும் என்று மூத்தவர்கள் சொல்லித் தருவார்கள். தனியாக யாரும் கடலில் இறங்கக் கூடாது. 'இன்னும் ஒரு சிப்பி' என்று ஆசைப்பட்டால் மூச்சு முட்டிச் சாவாய் என்று எச்சரிப்பார்கள். ஊர்ப் பிரச்சினைகளைப் பேசி முடிவெடுப்பதும் அந்தத் தீயருகேதான்.

இரவுப் பள்ளி

1910 முதல் 1945 வரை கொரியாவை ஜப்பான் ஆண்டது. ஹேன்யோ பெண்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. அதன் தலைவர் யார்? தீவை ஆண்ட ஜப்பானிய அதிகாரி! சங்கம் வணிகர்களோடு சேர்ந்துகொண்டது. சிப்பிக்கும் கடல்பாசிக்கும் அடிமாட்டு விலை வைத்தது. எடையிலும் ஏமாற்று நடந்தது. படிக்கத் தெரியாத பெண்கள் கொடுத்த காசை வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஹாதோ என்ற ஊரில் இளைஞர்கள் இரவுப் பள்ளி நடத்தினார்கள். பகலில் மூழ்கிய பெண்கள் இரவில் படித்தார்கள். எழுத்துக் கற்றார்கள். கணக்குக் கற்றார்கள். தராசின் முள் எங்கே நிற்கிறது என்று பார்க்கவும் கற்றார்கள். அதன் பிறகு அவர்களை ஏமாற்றுவது எளிதாக இல்லை.

1932 ஜனவரி. கடும் குளிர்காலம். ஹேன்யோ பெண்கள் மூழ்கும் உடையோடு தெருவில் இறங்கினார்கள். கையில் சிப்பி பெயர்க்கும் இரும்புத் தகடு. ஜனவரி 12 அன்று சேஹ்வா என்ற ஊரில் சந்தை. அந்த வழியே வந்த அதிகாரியின் காரைச் சூழ்ந்துகொண்டார்கள். நியாய விலை கேட்டார்கள். கோரிக்கைகளைத் தீர்ப்பதாக அவர் வாக்குக் கொடுத்தார். ஆனால் பிறகு போலீஸ் வந்தது. பலரைக் கைது செய்தது.

முன்னணியில் நின்றவர்கள் பூ சுன்-ஹ்வா, கிம் ஓக்-ரியோன், பூ தோக்-ரியாங் ஆகிய மூன்று பெண்கள். மூவரும் சிறை சென்றார்கள். மூவரும் இரவுப் பள்ளியில் படித்தவர்கள். பல மாதம் நடந்த அந்தப் போராட்டம் இன்றும் கொரியாவில் போற்றப்படுகிறது.

இன்று

1965-இல் ஜெஜுவில் சுமார் 23,000 ஹேன்யோ பெண்கள் இருந்தார்கள். 2023-இல் 3,000 பேர்கூட இல்லை. அவர்களில் பெரும்பாலோர் 60 வயதைத் தாண்டியவர்கள். பெண்பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போகிறார்கள். ரப்பர் உடையால் நெடுநேரம் வேலை செய்ய முடிகிறது. ஆனால் அதனால் தலைவலி போன்ற தொல்லைகளும் கூடிவிட்டன. தீ வட்டம் இருந்த இடத்தில் வெந்நீர்க் குளியலறை வந்துவிட்டது.

2016-இல் ஐ.நா.வின் யுனெஸ்கோ அமைப்பு இவர்களின் வாழ்க்கை முறையை மனித குலத்தின் மரபுச் செல்வம் என்று அறிவித்தது.

குளிரைத் தாங்க உடல் பழகியது. தீ உதவியது. கூட்டாளிகள் துணை நின்றார்கள். ஆனால் ஏமாற்றைத் தடுக்க எழுத்தும் எண்ணும் தேவைப்பட்டன.

சேர்ந்து பேசுவோம்

1. குளிர்ந்த நீரில் தனியாக ஏன் இறங்கக் கூடாது?
2. ஹேன்யோ பெண்கள் தீயருகே கூடிப் பேசினார்கள். உங்கள் ஊரில் பெண்கள் எங்கே கூடிப் பேசுகிறார்கள்?
3. நீங்கள் விற்கும் பொருளுக்கு எடை போடுவது யார்? தராசை நீங்கள் பார்ப்பது உண்டா?

கணக்குப் போடுவோம்

ஒரு பெண் 3 கிலோ சங்கு எடுத்து வந்தாள். எடை போட்டவர் 2 கிலோ 600 கிராம் என்று எழுதினார். எத்தனை கிராம் குறைந்தது? ஒரு கிலோ 200 ரூபாய் என்றால் அவளுக்கு எவ்வளவு நட்டம்? மாதம் 20 நாள் இப்படி நடந்தால் எவ்வளவு நட்டம்?

எழுதுவோம்

கடல், மூச்சு, தீ, தராசு, நியாயம். இந்த ஐந்து சொற்களையும் வைத்து ஐந்து வாக்கியம் எழுதுங்கள்.