நாற்றுக்கு எந்த எல்.இ.டி. விளக்கு? எக்ஸெல் தாளில் கணக்குப் போட்டு வாங்கலாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலர், எக்ஸெல் போன்ற ஸ்ப்ரெட்ஷீட் புரோகிராமை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு, "இது ஆபீஸ் கணக்குக்குத்தானே, வீட்டில் எனக்கு எதற்கு?" என்று மூடிவிடுகிறார்கள். இன்ஜினீயரிங் முடித்து சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் நானும் வீட்டு விஷயம் எதற்கும் அதைத் தொட்டதில்லை. என்னைத் தொட வைத்தது ஒரு சிட்டிகைக் கத்தரி விதை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த மழை பலருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி வெள்ளம் நெல்லை சந்திப்புப் பகுதிக்குள் புகுந்தது. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. ஆனால் மொட்டை மாடியில் அம்மா வைத்திருந்த குழித்தட்டுகளில் மண் கரைந்து நாற்றெல்லாம் போய்விட்டது. ஆச்சி காலத்திலிருந்து விதை எடுத்து விதை போட்டு வந்த வெள்ளைக் கத்தரி அது. மாத்திரை டப்பாவில் நாற்பது விதைதான் மிச்சம். "இதையும் மழைக்குக் கொடுத்துராதய்யா, உள்ள வச்சே வளக்க வழி பாரு" என்றார் அம்மா.

அவசரத்தில் நான் செய்த தவறு, ஆன்லைனில் "செடி வளர்க்கும் விளக்கு" என்று தேடி, முதலில் வந்த ஊதா நிற விளக்கை 1,400 ரூபாய்க்கு வாங்கியது. 45 வாட் என்று அட்டையில் போட்டிருந்தது. அதைத் தட்டுக்கு மேலே இரண்டடி உயரத்தில் தொங்கவிட்டு இருபது விதை போட்டோம். பதினேழு முளைத்தது. பத்தாம் நாள் எல்லாம் நூல் மாதிரி நீண்டு, தலை கனத்துச் சாய்ந்துவிட்டன. வெளிச்சம் போதாத நாற்று இப்படித்தான் வெளிச்சத்தைத் தேடி ஓடும். மீதி இருபது விதையைத் தொடும் முன் கணக்குப் போடுவது என்று முடிவு செய்தேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

வாட், லூமென், லக்ஸ்

கடையில் நாம் முதலில் கேட்பது எத்தனை வாட் என்று. வாட் என்பது விளக்கு எடுக்கும் மின்சாரம். அது கரண்ட் பில்லைச் சொல்லுமே தவிர, வெளிச்சத்தைச் சொல்லாது. விளக்கிலிருந்து வெளிவரும் மொத்த வெளிச்சம் லூமென். நான்கு அடி நீளமுள்ள 20 வாட் எல்.இ.டி. டியூப் ஒன்று சுமார் 2,000 லூமென் தரும். அட்டையில் லூமென் அச்சிடாத விளக்கை வாங்க வேண்டாம் என்பேன். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாற்றுக்கு வேண்டியது மூன்றாவது எண். அதாவது, இலை இருக்கும் இடத்தில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது? அதுதான் லக்ஸ். இதை அளக்கத் தனிக் கருவி வாங்க வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு போனில் முன்பக்கக் கேமராவுக்கு அருகே ஒளி உணரும் சென்சார் இருக்கும். "லக்ஸ் மீட்டர்" என்று தேடி இலவச ஆப் ஒன்றை இன்ஸ்டால் செய்து, போனை இலை மட்டத்தில் திரை மேலே பார்க்க வைத்தால் எண் தெரியும். ஆய்வுக்கூடத் துல்லியம் இருக்காது. இரண்டு விளக்கை ஒப்பிட இது போதும்.

எங்கள் ஹாலில் சுவரில் மாட்டிய டியூப் லைட்டின் கீழே மேஜையில் வைத்துப் பார்த்தேன். சுமார் 100 லக்ஸ். பட்டப்பகலில் ஜன்னல் ஓரம் 1,500. மேகம் மூடிய நாளில் மொட்டை மாடியில் 12,000. உச்சி வெயிலிலோ ஒரு லட்சத்தைத் தொடும். நம் கண் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் தன்னைத் தானே பழக்கிக்கொள்வதால் இந்த வித்தியாசம் நமக்குத் தெரிவதில்லை. "ரூம்ல நல்லா வெளிச்சம் இருக்கே" என்று நாம் சொல்லும் இடத்தில் செடி பட்டினி கிடக்கும்.

ஊதா விளக்குதான் வேண்டுமா?

வேண்டாம். வெள்ளை எல்.இ.டி.யின் உள்ளே இருப்பது நீல எல்.இ.டி.தான். அதன் மேல் பூசிய மஞ்சள் நிறப் பாஸ்பர், நீல ஒளியின் ஒரு பகுதியைப் பச்சை, மஞ்சள், சிவப்பாக மாற்றுகிறது. எல்லாம் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. இந்த நீல எல்.இ.டி.யைச் சாதித்த அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. பச்சை ஒளி செடிக்குப் பயன்படாது என்று பள்ளியில் படித்திருப்போம். அது முழு உண்மை இல்லை. 1972-ல் மெக்ரீ என்ற விஞ்ஞானி 22 வகைப் பயிர்களின் இலைகளைச் சோதித்து, பச்சை ஒளியும் ஒளிச்சேர்க்கைக்கு நன்றாகவே உதவுகிறது என்று காட்டினார். ஆகவே சாதாரண வெள்ளை டியூப் போதும். நாற்றுப் பருவத்துக்கு 6500 கெல்வின் என்று குறித்த பளீர் வெள்ளையை எடுங்கள். அதில் நீலம் கூடுதல், நாற்று குட்டையாகத் திடமாக வளரும். ஊதா வெளிச்சத்தில் இலை மஞ்சளாகிறதா, பூச்சி இருக்கிறதா என்று பார்க்கவும் முடியாது. அறையைப் பார்த்து "என்னய்யா இது, நாடகக் கொட்டகை மாதிரி" என்றார் அம்மா.

விலையும் ஒரு காரணம். மத்திய அரசின் உஜாலா திட்டம் 2015 ஜனவரியில் தொடங்கிய பிறகு எல்.இ.டி. விளக்குகள் கோடிக்கணக்கில் தயாராகி விலை இறங்கின. 2014-ல் 310 ரூபாயாக இருந்த ஒரு பல்பின் அரசுக் கொள்முதல் விலை, 2016-ல் 40 ரூபாய்க்கும் கீழே வந்தது. செடிக்கென்று தனிப் பெயரில் விற்கும் விளக்குக்கு இந்த லாபம் வந்து சேரவில்லை.

எக்ஸெல் தாளைத் தயார் செய்வோம்

எக்ஸெல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் தொகுப்பை இலவசமாக டவுண்லோட் செய்து, அதில் உள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். கீழே சொல்வது இரண்டிலும் ஒன்றுதான்.

புதிய தாளைத் திறந்து முதல் வரிசையில் தலைப்புகளை இடுங்கள். ஏ1 செல்லில் விளக்கு, பி1-ல் விலை, சி1-ல் வாட், டி1-ல் லக்ஸ், இ1-ல் மணி, எஃப்1-ல் நாள் ஒளி, ஜி1-ல் யூனிட். இரண்டாவது வரிசையிலிருந்து ஒவ்வொரு விளக்கின் விவரத்தையும் இடுங்கள். எஃப், ஜி இரண்டையும் காலியாக விட்டுவிடுங்கள். அவற்றைக் கம்ப்யூட்டர் நிரப்பும்.

எஃப்2 செல்லைக் கிளிக் செய்து சமக்குறியை டைப் செய்யுங்கள். அடுத்து மவுஸால் டி2 செல்லைக் கிளிக் செய்யுங்கள். அந்த செல்லின் பெயர் தானாக பார்முலாவில் வந்து உட்காரும். பிறகு வகுத்தலுக்கான சாய்கோட்டை இட்டு 70 என்று டைப் செய்து, பெருக்கலுக்கான நட்சத்திரக் குறியை இட்டு, இ2 செல்லைக் கிளிக் செய்து, மீண்டும் நட்சத்திரக் குறி, 0.0036 என முடித்து என்டர் தட்டுங்கள்.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன? லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு. செடிக்கு வேண்டியது ஒளித்துகள்களின் எண்ணிக்கை. அதை மைக்ரோமோல் என்ற அலகில் கணக்கிடுவார்கள். வெள்ளை எல்.இ.டி.யின் லக்ஸைச் சுமார் 70-ஆல் வகுத்தால் ஒரு சதுர மீட்டரில் ஒரு விநாடிக்கு விழும் மைக்ரோமோல் கிடைக்கும். சூரிய ஒளிக்கு 54-ஆல் வகுக்க வேண்டும். ஊதா விளக்குக்கு இந்த முறை சரிவராது. கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் நிறங்கள் என்பதால் மீட்டர் குறைத்துக் காட்டும். ஒரு மணிக்கு 3,600 விநாடி, பத்து லட்சம் மைக்ரோமோல் ஒரு மோல். இரண்டையும் சேர்த்ததுதான் 0.0036. எஃப்2-ல் வரும் விடை, ஒரு நாளில் நாற்றுக்குக் கிடைக்கும் மொத்த ஒளி. கத்தரி, தக்காளி, மிளகாய் நாற்றுக்கு இது 10-க்குக் குறையாமல் இருந்தால் நல்லது.

ஜி2-ல் இதே போல் சமக்குறியிட்டு, சி2-ஐயும் இ2-ஐயும் பெருக்கி, 60-ஆல் பெருக்கி, 1000-ஆல் வகுத்துவிடுங்கள். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில் என்பதால் 60 நாள். இனி எஃப்2 செல்லின் வலது கீழ் மூலையில் தெரியும் சிறிய சதுரத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்தால், மற்ற வரிசைகளுக்கும் பார்முலா தானாகப் பரவும். ஜி-க்கும் அப்படியே.

என் தாள் என்ன சொன்னது?

16 மணி நேரம் எரிப்பதாக வைத்துக்கொண்டேன். நான்கு அடி டியூப் ஒன்று, இலைக்கு 30 சென்டிமீட்டர் மேலே: 2,700 லக்ஸ், நாள் ஒளி 2.2. அதே டியூப் 15 சென்டிமீட்டருக்கு இறங்கியதும் 5,500 லக்ஸ், 4.5. ஒரு பைசா செலவில்லாமல் வெளிச்சம் இரட்டிப்பு! விளக்கை மாற்றுவதற்கு முன் உயரத்தை மாற்றுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். எல்.இ.டி. டியூப் அதிகம் சுடாது என்பதால் இவ்வளவு அருகே வைத்தாலும் இலை கருகுவதில்லை.

ஓர் அடி அகலத்தில் இரண்டு டியூப் போட்டபோது 7,500 லக்ஸ், 6.2. மூன்று டியூப் போட்டபோது 12,000 லக்ஸ், 9.9. பக்கவாட்டில் வெள்ளைத் தெர்மகோல் பலகை நிறுத்தியதும் 13,500 லக்ஸ், 11.1. தெர்மகோல் டி.வி. வந்த பெட்டியில் இருந்தது.

மூன்று டியூப், ஒன்று 230 ரூபாய் வீதம் 690 ரூபாய். 60 வாட், 16 மணி, இரண்டு மாதத்துக்கு 57.6 யூனிட். தமிழகத்தில் 2016-ல் தொடங்கிய 100 யூனிட் இலவசத்தைத் தாண்டிப் போகும் வீடுகளில் இது முழுவதும் காசுதான். உங்கள் பில்லில் உள்ள யூனிட் விலையை ஜி-யோடு பெருக்கிப் பாருங்கள். நாற்று தக்காளிக்கு 25 நாள், கத்தரிக்கு 30 முதல் 35 நாள், மிளகாய்க்கு 40 நாளுக்கு மேல். அதுவரைதான் இந்தச் செலவு.

வெறும் ஒரு சிறிய தொட்டி நாற்று என்றால் டியூப்கூட வேண்டாம். 9 வாட் பல்பை ஓர் அடிக்கும் குறைவான உயரத்தில் தொங்கவிட்டால் நடுவில் நல்ல வெளிச்சம் கிடைக்கும். ஓரம் மட்டும் மங்கும்.

ஊதா விளக்கின் 45 வாட்டையும் சோதித்தேன். எங்கள் கரண்ட் மீட்டரில் 3200 என்று அச்சிட்டிருக்கிறது. அதாவது ஒரு யூனிட்டுக்கு 3,200 முறை சிவப்பு விளக்கு சிமிட்டும். வீட்டில் பிரிட்ஜ், இன்வெர்ட்டர் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, சோதிக்கும் விளக்கை மட்டும் எரியவிட்டு, இரண்டு சிமிட்டலுக்கு இடையே எத்தனை விநாடி என்று பாருங்கள். 1,125-ஐ அந்த விநாடியால் வகுத்தால் வாட். என் விளக்குக்கு 47 விநாடி ஆனது. 24 வாட்! பாதிதான். விற்றவருக்கு எழுதினேன், "சமமான வாட்" என்று பதில் வந்தது. உங்கள் மீட்டரில் வேறு எண் இருந்தால், 36 லட்சத்தை அந்த எண்ணால் வகுத்து 1,125-க்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள்.

யார் வாங்க வேண்டாம்?

மேலே சொன்ன 12,000 லக்ஸ் மழை மேகத்தைக் கவனித்தீர்களா? அதை 54-ஆல் வகுத்து 11 மணிக்குக் கணக்கிட்டால் 8.8. மூன்று டியூப் தருவதற்குக் கிட்டத்தட்டச் சமம், அதுவும் மேகம் மூடிய நாளில். வெயில் நாளில் 40-ஐ ஒட்டி வரும். பனி பெய்யும் நாட்டுக்காரர்கள் நாற்றை வீட்டுக்குள் வளர்ப்பதற்குக் காரணம் குளிரும் குறுகிய பகலும். திருநெல்வேலியில் மார்கழியிலும் பகல் பதினொன்றரை மணி நேரம். எனவே மாடியோ முற்றமோ இருப்பவர்கள், மழையை மட்டும் தடுக்க நிறமில்லாத பிளாஸ்டிக் ஷீட் ஒன்றைச் சரிவாகக் கட்டினால் போதும். விளக்கு வாங்க வேண்டாம். வெயில் வராத அடுக்குமாடி வீடு, குரங்குத் தொல்லை உள்ள மலையடிவாரம், எங்களைப் போல இழக்க முடியாத விதை என்றால் மட்டும் வாங்குங்கள்.

வாங்கியவர்களுக்குச் சில வார்த்தைகள். விதை முளைக்கும் வரை விளக்கு தேவையில்லை, முளை தெரிந்த அன்றே போடுங்கள். 16 மணிக்கு மேல் எரிக்க வேண்டாம். பிளக்கில் செருகும் டைமர் இருந்தால் மறதிக்கு நல்லது. ஈரக் கையோடு வயரைத் தொடாதீர்கள். தண்ணீர் தெளிக்கும்போது சுவிட்சை அணைத்துவிட்டுத் தெளியுங்கள். தண்ணீர் அதிகமாகி வரும் நாற்றழுகலை எந்த விளக்காலும் தடுக்க முடியாது. முக்கியமாக, உள்ளே வளர்ந்த நாற்றை நேராக வெயிலில் நட்டால் வெளுத்துவிடும். முதல் நாள் காலை வெயிலில் ஒரு மணி நேரம், அடுத்த நாள் இரண்டு என்று ஒரு வாரத்துக்கு மேல் பழக்க வேண்டும்.

மீதி இருபது விதையில் பதினெட்டு முளைத்தது. முப்பத்திரண்டாம் நாள் மாடிக்கு ஏறியவை பதினாறு. தாளை "கத்தரி" என்ற பெயரில் சேவ் செய்திருக்கிறேன். கடைசிக் காலத்தில் எந்தச் செடி எந்தத் தேதியில் பூத்தது என்று இப்போது அம்மாவே டைப் செய்கிறார். விதைக்கென்று ஐந்து காயைப் பறிக்காமல் விட்டிருக்கிறோம்.