முதல் பியர் நுரைக்கவில்லையா?

இங்கிலாந்தில் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பியர் தயாரிக்க 1963 முதல் உரிமம் தேவையில்லை. (தமிழ்நாட்டில் அனுமதி இல்லை.) அங்கே முதல் நாலு லிட்டரில் கை வைத்தவர்களுக்குச் சில குறிப்புகள்.

ஈஸ்ட் தூவி ஒரு நாளாகியும் ஏர்லாக்கில் குமிழி வரவில்லையா? பதறாமல் 72 மணி நேரம் பொறுங்கள். மூடி ஓரம் காற்று கசிந்தாலும் குமிழி தெரியாது. உள்ளே நுரை கட்டியிருந்தால் வேலை நடக்கிறது. குளிர்காலமென்றால் வாளியை 18 முதல் 20 டிகிரி உள்ள அறைக்கு நகர்த்துங்கள். குளிரில் ஏல் ஈஸ்ட் உறங்கிவிடும்.

உண்மையில் ஆபத்தான தவறு, அவசரப்பட்டுப் பாட்டிலில் அடைப்பதுதான். குமிழி நின்றதை நம்பாதீர்கள். மூன்று நாள் இடைவெளியில் ஹைட்ரோமீட்டர் இரண்டு முறையும் ஒரே அளவைக் காட்டினால்தான் நொதித்தல் முடிந்திருக்கிறது. இல்லையென்றால் மிச்சச் சர்க்கரை வாயுவாகிப் பாட்டில் வெடிக்கும். கண்ணாடிச் சில்லு கண்ணைப் பறித்துவிடும். அடைக்கும்போது லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை போதும். கண்ணளவு கூடவே கூடாது, தராசில் நிறுங்கள். முதல் முறைக்கு சோடா விற்கும் பிளாஸ்டிக் பாட்டிலையே நான் சொல்வேன்: அழுத்திப் பார்த்தாலே வாயு ஏறியது தெரியும்.

ஏறவில்லையா? அதே வெதுவெதுப்பில் இன்னும் இரண்டு வாரம் வையுங்கள். பச்சை ஆப்பிள் வாசனை வந்தால் பியர் இன்னும் இளசு, நாள்பட அடங்கும். காடி நெடி அடித்தால் கிருமி புகுந்துவிட்டது. கொட்டிவிட்டு, பாட்டிலில் நிரப்பிய குழாயைப் புதிதாக மாற்றுங்கள்.